ஒட்டும் இலாகா

வாடகை வீட்டுக்காரனுக்கு வீடு மாற்றுவது பொதுத்தேர்தல் மாதிரி. ஆடி, மார்கழி நீங்கலாக எப்போது வேண்டுமானாலும் வரும். வந்ததும் முதல் வேலை இலாகா ஒதுக்கீடு. நிதி, உள்துறை, லாரிக்காரரோடு பேரம் பேசும் வெளியுறவு மூன்றையும் என் மனைவி வைத்துக்கொண்டாள். பாத்திரத்துறை மாமியாருக்கு. மார்க்கர் பேனாவும் பெட்டிக்கு நம்பர் போடும் அதிகாரமும் மகளுக்கு. "நீங்க டேப் ஒட்டுங்க, போதும்" என்று மிச்சமிருந்ததை எனக்குக் கொடுத்தார்கள்.

சிறிய இலாகாதான். ஆனால் சிறிய இலாகா மந்திரிதான் அதிகம் அறிக்கை விடுவார். நானும் விட்டேன். பிரவுன் டேப் என்பது பாலிப்ரொப்பிலீன் படலம். அதை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து வலுவேற்றி, ஒரு பக்கம் பசை பூசுகிறார்கள். ஹாட்மெல்ட் பசை தொட்டதும் ஒட்டும், ஆனால் வெயிலில் இளகும். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக் பசை. "அது மெதுவாத்தான் பிடிக்கும். பிடிச்சா லேசுல விடாது" என்றேன்.

"உங்க பேச்சு மாதிரி" என்றாள் மனைவி. நான் அதைப் பாராட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

டேப் வாங்குபவர் சுருளின் பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. நடுவில் இருக்கும் அட்டை வளையத்தைத் தடிமனாக வைத்து, மேலே கொஞ்சம் டேப்பைச் சுற்றினாலும் சுருள் குண்டாகத்தான் தெரியும். லேபிளில் மீட்டரைப் பார்க்க வேண்டும். 2 அங்குல டேப்பில் 65 மீட்டர் என்றால் நல்ல சுருள். மைக்ரானையும் பார்க்க வேண்டும். 40 மைக்ரான் இருந்தால் வீட்டுச் சாமானுக்குத் தாங்கும். இதையெல்லாம் ஸ்டேஷனரிக் கடையில் நின்று, வளையத்துக்குள் விரலை விட்டுக் காட்டி, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி விளக்கினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொத்தமா வேணுமா சார்? எத்தனை பெட்டி?" என்றார். "ஒரு ரோல்" என்றேன்.

ஒட்டுவதற்கும் சாஸ்திரம் உண்டு. மளிகைக் கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியை முதலில் துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை பருப்புத் தூசியைப் பிடித்துக்கொண்டு அட்டையை விட்டுவிடும். எண்ணெய்க் கறை ஏறிய பெட்டியென்றால் கும்பிட்டு அனுப்பிவிடலாம். நடுவில் மூடி சேரும் கோட்டின் மேல் ஒரு பட்டை, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு பட்டை, ஒவ்வொன்றும் பக்கச் சுவரில் இரண்டு மூன்று அங்குலம் இறங்க வேண்டும். புத்தகப் பெட்டிக்கு அடிப்பக்கம் இரட்டைப் பட்டை. ஒட்டியபின் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும்; இந்தப் பசை அழுத்தத்துக்குத்தான் பணியும். எங்கள் வீட்டில் என் அழுத்தத்துக்குப் பணிவது அது ஒன்றுதான்.

நுனி விஷயம் தனி. டேப்பைக் கிழித்ததும் நுனி சுருளோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். நகத்தால் சுரண்டிக்கொண்டே சுற்றி வரலாம், பொழுது போகும். நுனியை மடித்துவிட்டாலோ, அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகினாலோ தீர்ந்தது. இதைக் கண்டுபிடித்தவள் மகள். துறைச் சாதனைப் பட்டியலில் என் பெயரில் வரவு வைத்துவிட்டேன்.

எல்லாப் பெட்டியும் மூடி, தேய்த்து, நம்பரும் போட்டபின் உள்துறையிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, கேஸ் புக் எதுல இருக்கு?"

டேப்பை உரித்தால் எக்ஸ்ரே வரும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் விஞ்ஞானிகள் 2008இல் காட்டினார்கள். ஒரு விரலைப் படம் எடுக்கும் அளவுக்கு வந்ததாம். பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே பார்த்துவிடலாமே என்ற ஆசையில் இதை எடுத்துச் சொன்னேன். "ஆனா, காத்தே இல்லாத வெற்றிடத்துல வச்சு உரிச்சாத்தான் வரும்" என்றும் சேர்த்தேன். மனைவி என் நெற்றியை ஒருமுறை பார்த்தாள். "இடம் இருக்கு. டேப்பை உள்ள எப்படிக் கொண்டுபோறது?" என்றாள்.

பெட்டிகளைப் பிரித்தோம். சரியாக ஒட்டிய டேப் தனியாக வராது. அட்டையின் மேல்தோலையும் உரித்துக்கொண்டுதான் வரும். அந்தத் தோலைக் காட்டி என் கைத்திறனைச் சொல்ல வாயெடுத்தேன். கத்தி மாமியார் கையில் இருந்ததால் தள்ளிவைத்தேன்.

அக்ரிலிக் பசையின் ஆயுளுக்கு எங்கள் பரணில் சாட்சி இருக்கிறது. போன வீட்டுக்கும் முந்தைய வீட்டில் நான் மூடிய பெட்டி ஒன்று, பட்டை பிசகாமல் வீட்டுக்கு வீடு லாரி ஏறி வருகிறது. உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. யாரும் தேடியதும் இல்லை. "திறந்து பாத்துட்டுத் தூக்கிப் போடுங்க" என்கிறாள் மனைவி. நான் இசையவில்லை. திறந்தால் அது குப்பை, திறக்காதவரை சொத்து.