பதினோராம் பருவம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பெருமக்கள், பொதுவாக வழங்கும் கணக்கின்படி, மூன்றாம் திங்களிற் காப்புப் பருவத்தில் தொடங்கி, இரண்டிரண்டு திங்களாகப் படியேறி, பருவத்துக்குப் பத்துப் பாட்டாகப் பாடி, 21-ஆம் திங்களில் ஆண் குழந்தையின் கையிற் சிறுதேர்க் கயிற்றைக் கொடுத்ததும் கடமை தீர்ந்ததென்று ஏட்டைக் கட்டிப் பரணில் வைத்துவிடுகிறார்கள். செங்கீரை ஆடச் சொல்லவும், சப்பாணி கொட்டச் சொல்லவும், வானத்து அம்புலியையே விளையாட்டுத் துணைக்கு அதட்டி அழைக்கவும் தெரிந்த அப்பெரியோர், தேர் உருட்டி அலுத்த குழந்தை 22-ஆம் திங்களில் ஒருநாட் காலை எழுந்து வந்து, "அப்புறம்?" என்ற பாவனையில் நடுக்கூடத்தில் நிற்குமாயின், அதனை என்ன செய்வதென்பது பற்றி மூச்சு விட்டாரில்லை.

இனி மறுகரையிலிருந்து நோக்குவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைக் கைப்பிடித்துப் பள்ளிக்குள் அழைத்துச் செல்கிறது. ஆக, இலக்கியம் 21-ஆம் திங்களிற் கதவைச் சாத்துகிறது. சட்டம் 6-ஆம் வயதிற் கதவைத் திறக்கிறது. இடைப்பட்ட 4 ஆண்டு 3 திங்கட் காலம் குழந்தை எங்கே இருக்கிறது என்று வினவினால், நம் காலடியில் இருக்கிறது, நம் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டிருக்கிறது என்பதே உண்மையான விடையாகும். 1975 முதல் இந்நாட்டில் நடந்துவரும் அங்கன்வாடிகள் இந்த இடைவெளியில் ஒரு பகுதியை அடைத்துக் கொடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் யான் ஆராயப் புகுந்த காலமோ, அங்கன்வாடியும் பள்ளியும் ஒருசேரப் பூட்டிக் கிடந்த 2020-ஆம் ஆண்டு.

அவ்வாண்டு மார்ச் மாதம் மூடிய பள்ளிகள், நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. அந்தப் பத்தொன்பது மாதமும், என் மகள் உள்ளறையிற் கணினியின் முன் அமர்ந்து அலுவலகம் நடத்த, மூன்றாம் வகுப்புக்கு ஏறியிருந்த பேத்திக்குக் கற்பிக்கும் பொறுப்பு, தமிழாசிரியனாக 34 ஆண்டு உழைத்து ஓய்ந்து மாயவரத்தில் ஒதுங்கியிருந்த என் தலையில் வந்து விழுந்தது. அறுபது பிள்ளைகளை ஒரு கனைப்பிலே அடக்கியவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர், 27 திங்கள் நிரம்பிய என் பேரன் முன்னிலையில் ஒரு முற்பகலில் மாய்ந்தது.

அன்றைய பாடம் கடன் வாங்கிக் கழித்தல். 402-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து எட்டு போகாது, பக்கத்து வீட்டிற் கேட்கலாமென்றால் அங்கே பூஜ்யம், ஆகவே நூறாம் வீட்டுக்கு நடந்து போய்க் கையேந்த வேண்டும் என்று தரித்திரத்தின் அந்த உச்சத்தை நாங்கள் எட்டியிருந்த சமயத்தில், பேரன் வந்து நோட்டின்மேல் உட்கார்ந்தான். எழுப்பினோம். ரப்பரை எடுத்துக் கடித்தான். பிடுங்கினோம். அழுதான். அழுகை ஓய்ந்து நாங்கள் நோட்டுக்குத் திரும்பியபோது, நூறாம் வீட்டில் வாங்கிய கடன் என்னவாயிற்றென்பது குருவுக்கும் நினைவில்லை, சிஷ்யைக்கும் நினைவில்லை. "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அவனுக்கு எதையாவது குடுத்து உக்கார வையுங்களேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. இவ்வாராய்ச்சி அனைத்துக்கும் வித்து அந்த 'எதையாவது' என்னும் சொல்லேயாகும்.

இத்தகைய இடையூறு நம் மரபுக்குப் புதிதென்று எண்ணற்க. மூத்த சிறுமியர் மணலில் வீடு கட்டி, சோறாக்கி, சிரத்தையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கையில், இளையவன் ஒருவன் வந்து காலால் எற்றி அழிப்பதைச் சிற்றிற் பருவம் என்று தனியே வகுத்து, பத்துப் பாட்டிலும் "அழிக்காதே" என்று அவனிடம் கெஞ்சியிருக்கிறார்கள். சிறுபறைப் பருவத்திலோ நிலைமை இன்னும் மோசம். அடித்துக்கொண்டே இரு என்று ஊக்கமே அளித்திருக்கிறார்கள். நம் முன்னோர் விருத்தப்பாவில் விரும்பி வேண்டிக்கொண்ட ஓசையையும் அழிவையும் நாம் வசனத்திலே அதட்டுகிறோம் என்பதுதான் வேறுபாடு. அவர்களில் எவரும் பக்கத்திற் கடன் வாங்கிக் கழித்தல் கற்பித்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட்டுவிடுகிறேன்.

'எதையாவது' என்ற பொருளை விற்பதற்கென்றே இக்காலத்தில் ஒரு வாணிபம் தழைத்திருப்பதை அப்போதுதான் அறிந்தேன். மகள் வரவழைத்த பெட்டியில், இரண்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும் மரப் பழங்களும், துளையிற் கயிறு கோக்கும் பொத்தான்களும், மிருகங்களின் ஒட்டுப்படங்களும், குழந்தை தானே தனியே நெடுநேரம் விளையாடும் என்ற அபயவாக்கும் இருந்தன. மரப் பழம் நான்கு நிமிஷம். ஒட்டுப்படம் ஆறு நிமிஷம். அவற்றில் ஒட்டகம் மட்டும் என் முதுகில் மறுநாள் வரை இருந்தது. இவையெல்லாம் வந்த அட்டைப்பெட்டி முக்கால் மணி நேரம் என்பது உலகறிந்த செய்தியாதலின் அதனை விரிக்கவில்லை. சுதேசிப் பண்டங்களும் சோதிக்கப்பட்டன. நடைவண்டி கூடத்தை நெடுஞ்சாலையாக்கியது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களிற் பொங்கிய சோற்றை ஐந்து நிமிஷத்துக்கொரு முறை நானே உண்டு காட்ட வேண்டியிருந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பற்றி மட்டும் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. அந்தக் கூடத்தில் என் போதனையை முழுமையாக ஒப்புக்கொண்ட ஜீவன் அது ஒன்றே.

பல்லாங்குழியைக் கொண்டுவரலாமென்று எழுந்தபோதுதான் ஒரு பெரிய சாஸ்திரத்தோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கான பொம்மையோ, அதிலிருந்து கழன்று விழும் துண்டோ, 31.7 மில்லிமீட்டர் விட்டமும், சரிந்த அடித்தளத்தால் ஒருபுறம் 25.4, மறுபுறம் 57.1 மில்லிமீட்டர் ஆழமும் உடைய ஓர் உருளைக்குள், அமுக்காமலே முழுவதும் அடங்கிவிடுமாயின், அது தொண்டையை அடைக்கவல்லதென்று விலக்கப்பட வேண்டும். பொம்மைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 9873-இன் வழக்கு இது. பழைய காலண்டர் அட்டையில் அவ்வுருளையைச் செய்துகொண்டு வீடு முழுவதையும் அளந்தேன். புளியங்கொட்டை அடங்கிற்று, சோழி அடங்கிற்று, ஆதலின் பதினான்கு குழிகளும் அன்றே பரணேறின. கொட்டைப்பாக்கு, ரப்பர், என் சட்டைப் பித்தான், பேத்தியின் ஹேர் கிளிப் எல்லாம் அடங்கின. என் பல்செட் அடங்கவில்லை. எனவே அது குழந்தைக்கு ஊறு விளைவிக்காத பண்டமென்பது சித்தாந்தமாயிற்று. குழந்தையும் நெடுநாளாக அதே அபிப்பிராயத்தில் இருந்தான்.

இவ்விடத்தில், இவ்வயதுக் குழந்தைக்கு ஒன்றில் மனம் ஊன்றி நிற்கும் சக்தியே கிடையாது, ஆகவே இந்த ஆராய்ச்சி வீண் என்று ஒரு பூர்வபட்சம் எழலாம். அதனை மறுக்க ரோமாபுரி வரை செல்ல வேண்டும். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அந்நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைப் பேட்டையில் குழந்தைகள் இல்லம் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், மூன்று வயதுள்ள ஒரு சிறுமி, மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது முறைக்கு மேல் இடையறாது செய்ததையும், சுற்றிலும் பாடச் செய்தும், நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் அசைந்தாளில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். யுத்த காலத்திற் கோடைக்கானலிலும் வசித்தவர். அத்தனை அருகில் வந்திருந்தும், காலக்கோளாறால் எங்கள் கூடத்தை எட்டிப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு வாய்க்காமற் போயிற்று.

சக்தி உண்டென்றால், ரோமாபுரியில் விளங்கிய அது மாயவரத்தில் ஏன் மறைந்தது? இந்தக் கேள்விக்கு விடை பெட்டியிலும் இல்லை, உருளையிலும் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது. நோட்டின்மேல் உட்காரும் ஒவ்வொரு தடவையும் என் பேரன் சொன்னது ஒரே சொல், அச்சொல் "நானும்". முதலில் அதனை வெறும் கூச்சலென்று கொண்டேன். பிறகு பழைய தொழிற்பழக்கத்தால் பிரித்துப் பார்த்தேன். நான் என்பது தன்மை ஒருமை. அதில் ஆராயத்தக்கது ஏதுமில்லை. எஞ்சி நிற்பது உம். உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறது நன்னூல். சிறப்பும்மையோ என்று எண்ணினேன். அவனுடைய தோரணை அதற்கும் இடங்கொடுத்தது. ஆனால் அவன் விரல் காட்டிய திசையை நோக்கியபோது ஐயம் நீங்கிற்று. அக்காள் எழுதுகிறாள், நானும் எழுதுவேன். அக்காளுக்குத் தாத்தா பாடம் சொல்கிறார், எனக்கும் சொல்ல வேண்டும். நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தழுவி நிற்கும் எச்சவும்மை அது. மரப் பழத்தை அவன் கையிற் கொடுத்து மூலையில் உட்கார வைத்தபோதெல்லாம் அந்த உம்மையைக் கத்தரித்துவிட்டு வெறும் நானை மட்டும் மூலைக்கு அனுப்பியிருக்கிறேன். 34 ஆண்டு உம்மைத்தொகை நடத்தியவனுக்கு இது உறைக்க மூன்று வாரம் ஆயிற்று.

மறுநாள் வகுப்பைத் தொடங்குமுன் வருகைப் பதிவேடு ஒன்று தயார் செய்தேன். பேத்தியின் பெயரை அழைத்தேன்; "உள்ளேன் ஐயா" என்றாள். அடுத்து அவன் பெயரை, முதலெழுத்தோடு, முழுமையாக அழைத்தேன். கூடத்தின் குறுக்கே நடைவண்டியோடு போய்க்கொண்டிருந்தவன் நின்றான். வண்டியைச் சுவரோரம் விட்டான். அக்காள் அருகே வந்து, அவள் சம்மணம் கூட்டியிருந்த விதத்தை ஒருமுறை குனிந்து பார்த்து, தன் காலையும் அவ்விதம் மடக்க முயன்று, ஒரு கால் மட்டும் மடங்கிய நிலையில், "உள்ளேன்" என்றான். ஐயா என்பது தேவையென்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் ஒரு நோட்டு, அவனுக்கும் ஒரு கணக்கு, முடித்ததும் சிவப்பு மையில் அவனுக்கும் ஒரு சரிக்குறி. இருபத்து மூன்று நிமிஷம் கழிந்தது. நூறாம் வீட்டுக் கடன் வாங்கப்பட்டது, பத்தாம் வீட்டிற் பிரிக்கப்பட்டது, 224 என்ற விடை பிறந்தது.

இந்த வெற்றியில் நான் நின்றிருக்கலாம். ஆராய்ச்சியாளனுக்கு அது முடியாது. எழுதுவது ஒரு பாடமானால் எழுதும் தளமும் பாடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று, ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் அரைப்படி ரவையைப் பரப்பி, அதில் விரலால் கோடிழுக்கும்படி அவனுக்குக் காட்டினேன். ஓர் இழுப்பு, ரவை இரண்டாகப் பிளந்து தாம்பாளத்தின் பளபளப்பு வாய்க்கால்போல் ஓடிற்று. லேசாக ஆட்டினால் எல்லாம் சமனாகி மீண்டும் வெள்ளைத் தரை. அவன் உதடு பிரிந்து நின்றது. மூன்று நாள், நாளுக்கு அரை மணிக்கு மேல், அவன் வாயிலிருந்து ஓர் ஓசை எழவில்லை. நான்காம் நாள், 605-லிருந்து 247-ஐக் கழிக்கச் சொல்லிவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தபோது, பேத்தி அங்கே இல்லை. தாம்பாளத்தின் மறுபக்கத்தில் அமர்ந்து மயில் வரைந்துகொண்டிருந்தாள்.

"கணக்கு என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"தாத்தா, நானும்" என்றாள்.

இலக்கண விளக்கம் இப்போது தேவைப்படவில்லை. காலியான இடத்தைப் பேரன் உடனே நிரப்பினான். அக்காளின் நோட்டைப் பிரித்து, அவளுடைய பென்சிலால், 605-க்குக் கீழே நீண்ட விடை ஒன்றை எழுதத் தலைப்பட்டான். தாம்பாளத்தின் மூன்றாம் பக்கத்தில் இடம் இருந்தது. தோகை சரியாக விழவில்லையென்று பேத்தி அழைத்ததால்தான் போய் உட்கார்ந்தேன் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். எவ்வளவு நேரம் ஆயிற்றென்று குறித்துக்கொள்ளவில்லை. மகள் உள்ளறையிலிருந்து வெளியே வந்து, எங்கள் மூவரையும் பார்த்து, "அப்பா, உப்புமாவுக்கு வச்சிருந்த ரவை எங்க?" என்று கேட்ட பிறகுதான் பொழுது சாய்ந்ததை உணர்ந்தேன்.

ரவையை நான் சலித்தேனென்று அவளும், அவள் சலித்தாளென்று நானும் நம்பியிருந்தபடியால், அன்று இராத்திரி உப்புமாவில் ஒரு பல்பத்துண்டு அகப்பட்டது. கழுவித் துடைத்து, காலண்டர் அட்டை உருளையில் இட்டுப் பார்த்தேன். அடங்கிற்று.