கோணம் அண்ணாச்சி

"அதை அப்படிப் பட்டுன்னு சொல்லிற முடியாது வே. வேற ஒரு கோணத்துல பாக்கணும்."

இதைப் படித்ததுமே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். அந்த முகத்தையே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எனக்கு ஞாபகம் வருகிற முகம் பாபநாசம் கோயில் படித்துறையில், தண்ணீருக்கு நாலு படி மேலே, தினமும் காலை ஆறரைக்கு உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகை வாசிக்கிற பழக்கமும் அதற்கு உண்டு என்பதால் பெயர் வேண்டாம். எங்களுக்கு அவர் கோணம் அண்ணாச்சி.

சொல்லுக்கு முன்னால் கை வரும். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, தையல்காரர் துணி அளப்பதுபோல் காற்றில் ஒரு பிடி பிடிப்பார். விரித்த கையை மெல்லச் சாய்ப்பார். கை சாய்ந்துவிட்டதென்றால் நீங்கள் போகவேண்டிய அம்பாசமுத்திரம் பஸ் போய்விட்டது என்று அர்த்தம். கையில் மீனுக்குப் போடுகிற பொரி இருந்தாலும் இதே கதைதான். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி அள்ளுவார். படித்துறை மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு வாயைப் பிளந்துகொண்டு வரும். அந்த நேரம் பார்த்து எவனாவது எதையாவது சொல்லித் தொலைத்திருப்பான். பொரி பிடித்த கை அந்தரத்தில் நின்றுவிடும். மீன்கள் கால் மணி நேரம் வாயைத் திறந்து திறந்து மூடும். ஒருநாள் அவற்றைப் பார்த்து, "இருங்க, நான் முடிச்சிருதேன்" என்றார். மறுத்துப் பேச வருவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கடைசியில் ஒரு குரங்கு வந்து பொட்டலத்தோடு பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குக் கோணம் எதுவும் தேவைப்படவில்லை.

வெளியூர்க்காரர்கள்தான் பாவம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் டீக்கடையில் சாதாரணமாகக் கேட்டார், பாபநாசம் சிவன் பிறந்த வீடு எங்கே இருக்கிறது என்று. வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிற கேள்வி. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "அது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாவநாசம் சார், இது இல்ல" என்றார். விஷயம் முடிந்தது. முடிந்திருக்க வேண்டும். அண்ணாச்சியின் கை சாய்ந்துவிட்டது. "ஊருன்னா என்ன சார்? பொறந்த இடமா, பேரு வாங்குன இடமா? அவரு பொறந்தது போலகத்துல. அப்பம் தஞ்சாவூர்ப் பாவநாசமே அவருக்கு வந்த ஊருதான? அந்தக் கோணத்துல பாத்தா..." அந்தக் கோணத்தில் பார்த்து முடித்தபோது அந்த மனிதரின் மனைவியும் பிள்ளைகளும் அகத்தியர் அருவியில் குளித்துத் தலை துவட்டித் திரும்பியிருந்தார்கள். பாபநாசம் சிவன் எந்த ஊர்க்காரர் என்பதில் அவருக்கு வரும்போது இருந்த சந்தேகம் போகும்போது இரண்டாகியிருந்தது.

2015-ல் கமல்ஹாசன் 'பாபநாசம்' படத்தில் எங்கள் பேச்சைப் பேசினார். பேசினது சரியா, இல்லையா? ஊரே இரண்டு கட்சி. நான் "முக்கால்வாசி சரி" கட்சி. அண்ணாச்சி எந்தக் கட்சி என்று இத்தனை வருஷமாகியும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கதையில் சுயம்புலிங்கத்தின் குடும்பம் போலீஸிடமிருந்து தப்பித்தது எதனால்? நாலு பேரும் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொன்னதால். நடுவில் அண்ணாச்சி ஓர் ஆள் இருந்திருந்தால் முதல் விசாரணையிலேயே மொத்தக் குடும்பமும் உள்ளே போயிருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்திருக்கிறேன். அண்ணாச்சி ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்துச் சொச்சம் வருஷம் கோப்பு எழுதினவர். ஒரு பக்கம் இன்னின்ன சாதகம், மறுபக்கம் இன்னின்ன பாதகம், கீழே 'தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.' ஆணை போடுவது மேலே இருக்கிறவர் பாடு. ஓய்வு பெற்ற பிறகு மேலே யாரும் இல்லை, பொதிகை மலைதான் இருக்கிறது. ஆனாலும் கலை, பண்பாடு, ஜாதி, சாமி எல்லாவற்றையும் அவர் இன்னும் யாருக்கோ சமர்ப்பித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு கோப்பும் திரும்பி வரவில்லை.

அவரைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார். அது மண் வாகாம். சிவன் பார்வதி கல்யாணத்துக்கு எல்லோரும் கைலாசத்தில் போய்க் கூடினதில் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. உலகத்தைச் சமன் பண்ண அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள். அவருக்குக் கல்யாணக் காட்சி கிடைத்தது இந்தப் பாபநாசத்தில்தான். "எங்க ஊரு வேலையே சமன் பண்ணுததுதான் வே" என்பார் அண்ணாச்சி, கையைத் தராசு மாதிரி பிடித்துக்கொண்டு. பல வருஷம் இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருநாள் டீக்கடைக்காரர், கிளாஸைக் கழுவிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "அகத்தியரு சமன் பண்ணணும்னு நடுவுல போயா நின்னாரு? ஒரு பக்கம் வந்துல்லா நின்னாரு."

அண்ணாச்சி அன்றைக்கு வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறு ஞாயிற்றுக்கிழமையே சரியாகிவிட்டார். ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டுத் தார்சாவில் கூட்டம் உண்டு. கூட்டம் என்றால் ஏழு பேர், சுக்குக் காப்பி வரும்போது ஒன்பது. இதற்கு அவர் வைத்துக்கொண்டிருக்கும் முன்மாதிரி சின்னதல்ல. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி. வட்டமான தொட்டிக் கட்டில் உட்கார்ந்து பேசியதால் அந்தப் பேர். நீதிபதி மகாராஜன், பாஸ்கரத் தொண்டைமான் எல்லாம் அங்கே விளைந்தவர்கள். கல்கியும் ராஜாஜியும் டி.கே.சி.யின் ரசனைக்குக் காது கொடுத்தவர்கள். "அந்த மாதிரி ஆழமான உரையாடல் இன்னைக்கு எங்க இருக்கு?" என்று அண்ணாச்சி ஒவ்வொரு ஞாயிறும் பெருமூச்சு விடுவார்.

இருக்கட்டும், வட்டத்தொட்டியில் என்ன நடந்தது? கம்பன் பேரில் வழங்கும் எத்தனையோ பாட்டுகளை டி.கே.சி. இடைச்செருகல் என்று ஒதுக்கித் தள்ளினார். வைத்துக்கொண்ட பாட்டிலும் சொல்லைத் திருத்தினார். பண்டிதர்கள் பாய்ந்தார்கள். அவர் அசையவில்லை. 1940-களில் தமிழிசைச் சண்டை வந்தது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு என்ன இடம் என்று அண்ணாமலை செட்டியார் ஒரு பக்கம் நிற்க, பெரிய வித்துவான்களும் சபாக்காரர்களும் எதிரே நின்றார்கள். டி.கே.சி. தமிழ்ப் பாட்டின் பக்கம் என்பதை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் கம்பனுக்குச் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. தப்பென்றே நினைக்கிறேன். ஆனால் அவர் ஒன்றை உடைத்துச் சொல்லிவிட்டுப் போனதால்தான் இத்தனை வருஷம் கழித்து நான் உட்கார்ந்துகொண்டு தப்பென்று சொல்ல முடிகிறது. அண்ணாச்சியைத் தப்பென்று யார் சொல்வது? எதைப் பிடித்துக்கொண்டு சொல்வது?

அவ்வளவு தூரம் எதற்கு, எங்களுக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் விக்கிரமசிங்கபுரம். அங்கே பிறந்த சிவஞான முனிவர் ஓர் இலக்கண நூலை மறுத்து எழுதிவிட்டு, அதற்குச் சூறாவளி என்று பேர் வைத்தார். மண் வாகு என்றால் அதுவும்தானே மண் வாகு.

தார்சாவில் சூறாவளி அடிப்பதில்லை. 2024-ல் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி என்று மியூசிக் அகாதமி அறிவித்ததும், சில வித்துவான்கள் அந்த வருஷம் அங்கே பாடமாட்டோம் என்று விலகினதும் இங்கேயும் வந்தது. காப்பி கொடுக்க வந்த டீக்கடைக்காரர் நின்று கேட்டார்: "பாட்டு நல்லா பாடுவாரா அவரு?" எனக்குத் தெரிந்து அந்த விவகாரத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி. அண்ணாச்சி கையை விரித்தார்: "நல்லான்னா என்ன வே?" ஒன்பதே காலுக்கு எழுந்து வந்தோம். அனைத்து ஜாதியினரும் அர்ச்சகர் ஆவது பற்றியும் இப்படித்தான் ஆறு கோணம். எண்ணினேன். ஆறாவது கோணமும் முதல் கோணமும் ஒன்று.

அண்ணாச்சி இருக்கிற இடத்தில் இதுவரை அடிதடி நடந்ததில்லை என்பார்கள். உண்மைதான். தூங்குகிறவன் எப்படி அடிப்பான்?

ஒரே ஒரு ஞாயிறு மட்டும் யாரும் தூங்கவில்லை. 'பரியேறும் பெருமாள்' வந்திருந்த 2018. திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் படிக்கிற பையன் ஒருவன் முதல்முறையாக வந்திருந்தான். படத்தில் நாயகனின் அப்பா பெண் வேஷம் கட்டி ஆடுகிற கூத்துக்கலைஞர். கல்லூரிக்கு வந்த இடத்தில் அவரை அவமானப்படுத்தி ஓடவிடுவார்கள். அந்த இடத்தைப் பற்றி வந்தவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். குரல் கொஞ்சம் கம்மியது. அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தி, "கலைஞனுக்கு ஜாதி கிடையாது தம்பி, அந்தக் கோணத்துல பாத்தா" என்று தொடங்கி, இரண்டு பக்கத்து வலியையும் பார்க்கவேண்டும் என்று வந்து, படத்தின் கடைசியில் வருகிற இரண்டு டீ கிளாஸின் அழகியலுக்குப் போய்விட்டார். இருபது நிமிஷம் டீ கிளாஸ். பையன் தன் கையில் இருந்த கிளாஸைப் பாதியில் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். பிறகு வரவில்லை. ஏன் வரவேண்டும்?

அண்ணாச்சி, இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். 1999 ஜூலை 23 அன்று, நம் தலைக்கு மேலே இருக்கிற மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கூலி கேட்டுத்தான். போலீஸ் அடித்து விரட்டியதில் ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் செத்தார்கள், ஒரு குழந்தை உட்பட. நீங்கள் பொரி போடுகிற இதே தாமிரபரணி. அதைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தபோதும் நீங்கள் கையைச் சாய்த்தீர்கள். 'நிர்வாகக் கோணம்' என்றீர்கள். நான் பேசாமல் சுக்குக் காப்பியைக் குடித்தேன். உங்கள்மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்தக் காப்பி மேல்.

சரி. இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லவேண்டும். இந்த ஊரில் ஒரு புத்தகத்தை எடுத்தால் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். இரவல் வாங்கினால் அட்டை போட்டுத் திருப்பித் தருவார். எதிர்க்கட்சிக்காரர், பூசாரி, பள்ளிவாசல் பாய், மில் யூனியன்காரர் எல்லோரும் ஒரே பாயில் உட்காருகிற தார்சா இந்தப் பக்கத்தில் அவர் வீட்டில்தான் இருக்கிறது. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்தவர், கட்டில் ஓரத்தில் ஒரு மணி நேரம் ஒரு கோணமும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்காமல் பார்த்துக்கொண்டோம்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். பரிகாரத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவது உங்களுக்குத் தெரியும். பாவம் துணியோடு போகிறதாம். துணி எங்கேயும் போவதில்லை, படித்துறைக் கல்லில் சுற்றிக்கொண்டு அழுகுகிறது. அன்றைக்குத் துப்புரவு வேலைக்கு வந்த ஓர் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று துரட்டியால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சேலை வந்தது, வந்துகொண்டே இருந்தது, கூடவே ஒரு பேண்ட், ஒரு ஷாம்பூ பாக்கெட் மாலை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இதைத் தடை பண்ணித் தொலைக்கப்படாதா?" என்றேன்.

குளித்து ஈர வேட்டியோடு நின்ற அண்ணாச்சிக்குக் கை விரிந்தது. "அப்படிச் சொல்லிற முடியாது வே. நம்பிக்கைன்னு ஒரு கோணம் இருக்கு. ஆறுன்னு ஒரு கோணம் இருக்கு. துணி விக்கவன், படித்துறையில கடை போட்டவன், அவன் கோணம் ஒண்ணு இருக்கு..." அவர் அடுக்கிக்கொண்டிருக்கையில், படியில் வைத்திருந்த அவருடைய பச்சைக்கரைத் துண்டு மெல்ல வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. நான் பார்த்தேன். சொல்லவில்லை. அந்த அம்மாவின் துரட்டி அதையும் லாகவமாகக் கொத்தி, அழுக்குச் சேலைக் குவியலின் உச்சியில் கொண்டுபோய்ப் போட்டது.

"ஏ தாயி, அது என் துண்டு."

சத்தமாகத்தான் சொன்னார். கை விரியவில்லை, சாயவில்லை.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கி நீட்டினார். "ஒங்க துண்டுன்னா விழும்போதே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி."

அண்ணாச்சியின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பாதி விரிந்தன. பிறகு அந்தக் கையாலேயே துண்டை வாங்கி, மிச்சத் தண்ணீரைப் பிழிய ஆரம்பித்தார்.