பெரிய முதலாளி ஓய்வு பெற்றுவிட்டார்

திருத்தணி மலையடிவாரத்தில் எந்தக் கடையில் ஏறினாலும் அவர் இருப்பார். பூஜைச் சாமான் கடை, பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று தொழில் மாறும்; ஆள் மாறுவதில்லை. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் பட்டை விபூதி, தோளில் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து. வியாபாரம் எப்படி என்று கேட்டால், "நமக்கு இன்னாப்பா தெரியும், எல்லாத்தையும் பையன்கிட்ட விட்டுட்டேன், சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போறேன்" என்பார். அவர் சும்மா உட்காரும் இடம் கல்லாப்பெட்டி. கடையில் வேறு நாற்காலி இல்லை, அதனால்தான் அங்கே உட்காருகிறேன் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருப்பார். இன்னொரு நாற்காலி வாங்கிப் போடச் சின்ன முதலாளிக்கு அதிகாரம் கிடையாது என்பதைச் சொல்ல மாட்டார்.

சின்ன முதலாளிக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய பெண்ணே கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். காலையில் ஷட்டரைத் தூக்குவது, சரக்கை இறக்குவது, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்களிடம் தெலுங்கில் பேரம் பேசுவது, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பையன்களை விரட்டி வேலை வாங்குவது எல்லாம் இவர்தான். ஆனால் வாடிக்கையாளர் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் இவர் தலை தானாகக் கல்லாவின் பக்கம் திரும்பும். நைனாவின் புருவம் ஏறினால் 'கட்டாதுங்க', இறங்கினால் 'சரி எடுத்துக்கோங்க'. இதைக் கற்றுக்கொண்ட வாடிக்கையாளர்கள் மகனைத் தாண்டி நேரே பெரியவரிடம் போகிறார்கள். அவரும் பெரிய மனசோடு பத்து ரூபாயே குறைத்துவிடுகிறார். தாராளப் பிரபு என்ற பெயர் அவருக்கு, கஞ்சன் என்ற பெயர் மகனுக்கு. இவ்வளவும் நடக்கிற இடத்துக்கு மேலே, மாலை போட்ட படத்தில், தகப்பனுக்கு உபதேசம் செய்கிற சுவாமிநாதன் சிரித்துக்கொண்டிருக்கிறார். தினமும் கற்பூரம் காட்டுகிற பெரியவர் அந்தப் படத்தின் கதையை மட்டும் தன் கடைக்குப் பொருத்திப் பார்த்ததில்லை.

காலத்தோடு அவர் மாறவில்லை என்று குற்றம் சொன்னால் அது பொய். கடை வாசலில் கியூஆர் அட்டை தொங்குகிறது, பணம் வந்ததும் தமிழில் கத்துகிற டப்பாவும் இருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கு அவர் பெயரில். ஓடிபி வருவது அவருடைய பட்டன் போனுக்கு. போன் இருப்பது அவருடைய பனியன் பையில். அவர் மதியம் சாப்பிட்டுக் கண் அசரும் இரண்டு மணி நேரம் கடை யாருக்கும் பணம் அனுப்ப முடியாது. சரக்கு அனுப்பியவர் போனில் நச்சரிக்க, நாற்பத்தெட்டு வயது மகன் தகப்பனை எழுப்பலாமா வேண்டாமா என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். முன்பு இடுப்பில் இருந்த அதிகாரம் இப்போது நெஞ்சுப் பைக்கு ஏறியிருக்கிறது. அந்த ஒரு வகையில் முன்னேற்றம்தான்.

குடும்பத் தொழில்கள் ஏன் வளரவில்லை என்று யாரைக் கேட்டாலும் ஜிஎஸ்டி, ஆன்லைன் வியாபாரம், சென்னையின் பெரிய ஜவுளி மாளிகைகள் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாம் ஓரளவு உண்மை. ஆனாலும் இந்தப் பெரியவரை அரை நாள் உட்கார்ந்து கவனித்தால் பட்டியலில் சேராத காரணம் ஒன்று புலப்படும். அவர் மகனுக்கு வேலையைக் கொடுத்திருக்கிறார், முடிவைக் கொடுக்கவில்லை. ஒரு கடை எவ்வளவு வளரும் என்பதை முதலீடு தீர்மானிக்கிறது என்பார்கள். முதலாளி இல்லாத நேரத்தில் அங்கே எத்தனை முடிவு எடுக்க முடியும் என்பதுதான் அதைவிடச் சரியான அளவு. எல்லா முடிவும் ஒரே தலைக்குள் நடக்கிற தொழில் அந்த ஒரு தலையின் அளவுக்குத்தான் வளரும். பிறகு அந்தத் தலைக்கு வயதாகும்.

வளர்ச்சியைப் பற்றிப் பெரியவருக்கும் ஒரு கொள்கை உண்டு. லாபம் வந்தால் மனை வாங்க வேண்டும். சென்னை - திருப்பதி சாலையில் கல் நட்ட மனைப்பிரிவு எதுவானாலும் இரண்டு மனைக்குக் குறையாமல் அவர் பெயரில் இருக்கும். குடோன் ஒழுகும், பில் போடும் கம்ப்யூட்டர் பத்து வருஷத்துப் பழசு, ஆனால் மனை விலை ஏறியிருக்கிறது. இன்னொரு கடை திறக்கலாம் என்று மகன் வாய் திறந்தால் "அங்கே யார் உட்கார்றது?" என்பார். பதில் தெரிந்துதான் கேட்கிறார்: அவர் ஓர் ஆள்தான், இரண்டு இடத்தில் உட்கார முடியாது. கடைசியில் இரண்டாவது கடை எப்படித் திறக்கும் என்றால், தம்பி மகன் கோபித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் திறப்பான். அதே பெயரோடு 'புதிய' சேரும். இங்கே 'பழைய' சேரும். மறுவாரமே 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை' என்று பலகை ஏறும். ஊரில் தொழில் வளர்ந்ததாக இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.

பெரியவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். கல்லாவில் சொந்த ரத்தம் உட்கார்ந்தால்தான் காசு நிற்கும் என்கிறார். மறுக்க முடியாது. டிசம்பர் 31 இரவு, 365 படிகளுக்கும் பூஜை போட்டுக்கொண்டு ஏறுகிற கூட்டம் அடிவாரத்தில் மோதும்போது, பத்துக் கை ஒரே நேரத்தில் தட்டில் காசு போடும்போது, சம்பள ஆளை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாதுதான். மனைவியும் மருமகளும் சம்பளமில்லாமல் பை கட்டுவதால்தான் பல கடைகளில் லாபம் என்ற ஒன்று எழுதப்படுகிறது. சீட்டு எழுதாமல் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரியும் குடும்பப் பெயரை நம்பித்தான் அனுப்புகிறார். இந்த நம்பிக்கைதான் குடும்பத் தொழிலின் மூலதனம். ஆனால் பெரியவர் திருட மாட்டான் என்று மகனை நம்புகிறாரே தவிர, சரியாக யோசிப்பான் என்று நம்புவதில்லை. காவலுக்கு உதவுகிற நம்பிக்கை அது. நிர்வாகத்துக்கு அது போதாது.

"அவனுக்கு சாமர்த்தியம் பத்தாதுங்க, நான் கண்ணை மூடினா வித்துத் தின்னுடுவான்" என்பது அடுத்த வாதம். முப்பது வருஷம் முடிவெடுக்க விடாமல் வைத்திருந்த ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று வியப்பது எந்த ஊர் நியாயம்? சாமர்த்தியம் உள்ள பிள்ளை இந்த ஏற்பாட்டில் தங்குவதும் இல்லை. கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர். அவருக்குப் பின் தொழில் அண்ணன்கள் கையில் இருந்தது. கருத்து ஒத்துப்போகாத தம்பி சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே வந்து சிக் ஷாம்பு போட்டார். அது கெவின்கேராக வளர்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே போனவர் போட்டியாளர் ஆனார். திருத்தணிக் கடைகளில் இதன் சின்னப் பதிப்பு, பெங்களூரில் மென்பொருள் வேலைக்குப் போன மூத்த மகன். கெட்டிக்காரன் ரயிலேறிவிட, சொன்னதைக் கேட்கிறவன் கடையில் மிஞ்சுகிறான். மிஞ்சியவனுக்கு சாமர்த்தியம் இல்லை என்கிறார் பெரியவர். அப்படி வடிகட்டி எடுத்தவர் தாம்தான் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

பேப்பரில் எழுதலாமே என்றால் முகம் சுருங்கும். "அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவுல பத்திரமா?" பத்திரம் எழுதினால் சண்டை வரும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கிய டிவிஎஸ் குடும்பம் அந்தக் கொள்கைக்கு நேர் எதிராக நடந்துகொண்டது. நான்கு மகன்களின் கிளைகள் தனித்தனி நிறுவனங்களை நடத்திவந்தாலும் உடைமை பொதுவில் பின்னிக் கிடந்தது. 2020 டிசம்பரில் குடும்ப ஒப்பந்தம் எழுதினார்கள். எந்தக் கிளை எதை நடத்துகிறதோ அது அந்தக் கிளைக்கே என்று 2022 பிப்ரவரியில் பிரித்துக்கொண்டார்கள். வேலை யாரிடமோ உடைமையும் அவரிடமே என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு பெரிய குடும்பம் பிரிந்தும் தெருவில் ஒரு கூச்சல் கேட்கவில்லை.

அப்படியானால் பேப்பர் இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1900இல் பர்மாவில் லேவாதேவியாகத் தொடங்கிய முருகப்பா குழுமம் ஒழுங்குக்குப் பெயர் பெற்றது. 65 வயதானால் குடும்பத்தார் நிர்வாகப் பதவியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்ற வழக்கமும் அங்கே உண்டு. நம் பெரியவர் கேட்டால் அதைக் கலிகாலக் கொடுமை என்பார். ஆனால் 2017இல் எம்.வி. முருகப்பன் மறைந்தபோது அவருக்கு இருந்தது இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம் தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு அதை மறுத்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போய் 2023இல்தான் சமரசம் ஆனது. எழுதிய விதிகளும் எழுதாத மரபும் யாரையாவது வெளியே நிறுத்தினால், அந்த இடத்தில்தான் விரிசல் விழும். வள்ளியை முருகன் மணந்த தலம் என்று கொண்டாடுகிற ஊரில், கடைக்கணக்கை மகனைவிட நன்றாகப் போடுகிற மகளை 'கட்டிக் கொடுத்தாச்சு' என்ற ஒரு சொல்லால் தள்ளிவைப்பது வேடிக்கைதான்.

மருமகன் நிலைமை இன்னும் வேடிக்கை. முதல் பந்தியில் தலைவாழை இலை அவருக்கு; கல்லாவிலிருந்து மட்டும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஜப்பானில் 578ஆம் ஆண்டில் தொடங்கிய கோங்கோ குமி என்ற நிறுவனம் கோயில் கட்டுவதையே தொழிலாகக் கொண்டு 1,400 ஆண்டுகள் ஒரே குடும்பத்திடம் இருந்தது. தகுதியான மகன் இல்லாத தலைமுறையில் மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்துத் தலைமையில் வைத்தார்கள். நம் சாலைகளில் ஓடும் மாருதியின் பின்னால் இருந்த ஒசாமு சுசுகியும் அப்படித் தத்தெடுக்கப்பட்ட மருமகன்தான். கோங்கோ குமி கடைசியில் எதில் விழுந்தது தெரியுமா? ஜப்பானில் நிலவிலை உச்சத்தில் இருந்த காலத்தில் கடன் வாங்கி மனையில் போட்ட பணத்தில். 2006இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. பதினான்கு நூற்றாண்டு தாங்கியதை ரியல் எஸ்டேட் முடித்துவைத்தது என்ற செய்தியைத் திருப்பதி சாலையில் மனை வைத்திருக்கும் பெரியவர்களிடம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் கோடீஸ்வரன் கதை, தேங்காய் பழக் கடைக்கு எதுக்கு?" என்பது கடைசி ஆட்சேபம். எல்லாக் கடையும் வளர்ந்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை; ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இருந்தபடி இருப்பதற்கே கைமாற்றம் வேண்டும். ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலத்துக்கு, தமிழ்நாட்டுக்கு 33; அடுத்த பத்து முதலாளியின் பான் எண். தனி உரிமையாளர் மறைந்தால் அந்தப் பதிவும் முடிந்தது. வாரிசு புதிதாக வாங்க வேண்டும். அப்பாவும் மகனும் மட்டுமே கூட்டாளிகள் என்றால், ஒருவர் இறந்ததும் கூட்டே கலைந்துவிடும். உயில் இல்லாமல் போனால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் எல்லோருக்கும் சம பங்கு. முப்பது வருஷம் ஷட்டர் தூக்கியவருக்கும் பங்கு ஒன்று, தீபாவளிக்கு மட்டும் வந்து போனவருக்கும் பங்கு ஒன்று. அன்று தொடங்கும் சண்டைக்குப் பெயர் மட்டும் பாசம்.

பாகப்பிரிவினை எப்படிச் செய்வது என்று திருத்தணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரே ஒரு பாகப்பிரிவினையில் வந்து சேர்ந்தது. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்த திருத்தணிக்காக ம.பொ.சி.யும் தோழர்களும் போராடினார்கள். தகராறு தீர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. இரண்டு தரப்புக்கும் பொதுவாகப் படாஸ்கர் என்ற வெளியாளை வைத்தார்கள். கிராமம் ஓர் அலகு, பெரும்பான்மை மொழி எது, நிலத்தொடர்ச்சி உண்டா என்று அளவுகோலை முதலில் ஒப்புக்கொண்டார்கள். 1959இல் சட்டமாக எழுதி, 1960 ஏப்ரல் 1 என்று நாள் குறித்துக் கைமாற்றினார்கள். இரண்டு அரசுகளே இவ்வளவு செய்ய வேண்டியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து பேசினால் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு குடும்பம் நம்புவதற்கு முகாந்திரமே இல்லை.

ஆகவே பெரிய முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆடிக் கிருத்திகை வசூலை எண்ணி முடித்த வாரத்தில், சொந்தக்காரர் அல்லாத ஓர் ஆடிட்டரையோ வக்கீலையோ கூப்பிடுங்கள். மகள், மருமகள் உட்பட எல்லோரையும் உட்கார வையுங்கள். யார் எவ்வளவு ரூபாய் வரை உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கலாம், யாருக்குச் சம்பளம், யாருக்குப் பங்கு என்று எழுதுங்கள். நீங்கள் கல்லாவை விட்டு எழுந்திருக்கும் தேதியையும் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தேதி நீங்கள் உயிரோடு இருக்கும் தேதியாக இருக்கட்டும்.