வாயை மூடத் தெரிந்த கத்தி

கத்தியின் வெட்டும் விளிம்புக்குத் தமிழில் 'வாய்' என்று பெயர். வாய் மழுங்கிய கத்தி, வாய் போன அரிவாள் என்றெல்லாம் சொல்கிறோம். மனிதர்களுக்கு வைத்த சொல்லை யோசிக்காமல் கத்திக்கும் வைத்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. இரண்டுக்கும் சிக்கல் ஒன்றுதான். திறப்பது எளிது. ஒரு சாணைக்கல்லும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால் உடைந்த ரம்பத் துண்டுக்குக்கூட வாய் வந்துவிடும். மூடுவதற்குத்தான் பயிற்சி தேவை. அதனால் மடக்குக் கத்தியைப் புகழ வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கூர்மையைப் பற்றிப் பேசுவது எனக்கு விளங்குவதில்லை. கூர்மை சமையலறைக் கத்திக்கும் உண்டு, சவரக்கத்திக்கும் உண்டு, சில நூல் விமர்சகர்களுக்கும் உண்டு. மடக்குக் கத்திக்கு மட்டுமே உரிய திறமை மடங்குவது. ஓர் ஆப்பிள், ஒரு பார்சல் கயிறு, பிரிக்க மனமில்லாத ஒரு வங்கிக் கடிதம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும், ஒரு நாளில் அது ஐந்து நிமிடம் திறந்திருந்தால் அதிகம். மிச்சம் 23 மணி 55 நிமிடமும் கால்சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் உரசிக்கொண்டு கிடக்கிறது. ஆக, காசு கொடுப்பவர் வாங்குவது ஒரு மூடிய கத்தியை. ஜெர்மனியின் பழைய பாணி மடக்குக் கத்திகளைச் செய்கிறவர்கள் இதை உணர்ந்து செய்கிறார்கள். அவர்களிடம் எனக்குள்ள மரியாதைக்குக் காரணம் அதுதான், கூர்மையெல்லாம் அப்புறம்.

அவை பிறக்கும் ஊர் சோலிங்கன். எழுத்துப் பிழை என்று யாரும் அவசரப்பட்டுச் சோளிங்கர் ஆக்கிவிட வேண்டாம். சோளிங்கரில் மலையேறினால் நரசிம்மர். அவருக்கு நகமே ஆயுதம். சோலிங்கனில் ஆயுதத்தைத் திறப்பதற்கு நகம் வேண்டும். மற்றபடி இரண்டும் பழைய ஊர்கள்தாம். டுசெல்டோர்ஃபுக்கும் கொலோனுக்கும் பக்கத்தில், வுப்பர் ஆறு வளைந்து நெளிந்து ஓடும் மேட்டுநிலத்தில் இருக்கிறது சோலிங்கன். ஆற்றிலும் ஓடைகளிலும் ஓடிய தண்ணீர்தான் சாணைக்கற்களைச் சுற்றியது. 1374இல் நகர உரிமை பெற்ற இந்த ஊரில், வாளுக்குப் பதம் வைப்பவர்களும் சாணை பிடிப்பவர்களும் 1401லேயே தங்கள் சங்கத்துக்குச் சலுகைப் பத்திரம் வாங்கிவிட்டார்கள். தொழிலைப் பங்கு போட்டுக்கொள்வதில் அவர்கள் பலே ஆட்கள். ஒருவர் காய்ச்சி அடிப்பார், ஒருவர் பதம் வைப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பிடி கோப்பார். வரன் தேடுகிற ஜாதகம் மாதிரி ஒரே கத்தி நாலு வீட்டுக்குப் போய் வரும். சரக்கைக் கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து பட்டறைக்கும் வியாபாரிக்கும் இடையே நடந்தவர்கள் பெண்கள். இந்த ஊர்வலத்தில் கடைசியாக வருகிறவர்தான் என் கதாநாயகர். அவருக்கு 'ரைடர்' என்று பெயர். குதிரைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அலகையும் வில்லையும் பிடியையும் அரம் போட்டு அரம் போட்டு ஒத்துப்போக வைக்கிறவர்.

ஒத்துப்போக வைப்பது என்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய பாணிக் கத்திகள் பெரும்பாலானவற்றில் பூட்டு கிடையாது. அலகின் அடிப்பகுதி, அதாவது ஆணி துளைத்துப் போகும் இடம், ஒரு சின்னச் சதுரம் போலிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடியின் முதுகில் படுத்திருக்கும் எஃகு வில் அந்தச் சதுரத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். சதுரத்தின் தட்டைப் பக்கம் வில்லில் படிந்திருக்கும் வரை கத்தி சாது. அலகைத் திருப்பினால் மூலை வந்து வில்லைத் தூக்கும். மூலை தாண்டியதும் வில் தன் பலத்தில் அலகை இழுத்து 'டக்'கென்று உட்கார வைத்துவிடும். கடைசி வேலையைக் கை செய்வதில்லை, வில் செய்கிறது. இதுவரை எந்தப் பட்டறையும் செய்துவிடும். சிக்கல் இனிமேல்தான். மூடும்போது அலகின் வாய் வில்லில் போய் முட்டினால் முட்டிய இடம் அன்றைக்கே மழுங்கும். அதற்காக, வாய் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சிறு முண்டு விட்டிருப்பார்கள். வில்லின் மேல் உட்காருவது அந்த முண்டு; வாய் எதையும் தொடாமல் மயிரிழை உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். முண்டை அரத்தால் ஓர் இழுப்பு அதிகம் இழுத்தால் வாய் வில்லை இடிக்கும். ஓர் இழுப்பு குறைந்தால் அலகின் நுனி பிடிக்கு வெளியே தலையை நீட்டி, பைக்குள் கை விடும்போதெல்லாம் நலம் விசாரிக்கும். முண்டைத் தொட்டால் வில்லின் உயரம் மாறும். வில்லைத் தொட்டால் கத்தி திறந்து நிற்கும் நிலை மாறும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் நாற்காலியை நகர்த்தினால் எல்லோரும் எழுந்திருக்க வேண்டிவருமே, அது போல. இத்தனையும் அமைந்த கத்தியை மூடிவைத்து முதுகில் கட்டைவிரலை ஓட்டினால் வில் எது, பக்கத் தகடு எது என்று விரலுக்குத் தெரியாது. திறந்துவிட்டு ஓட்டினாலும் தெரியாது. திறந்தபோதும் மூடியபோதும் ஒரே முகம் காட்டுவது மனிதர்களுக்கே கைவராத வித்தை.

பிடியின் முனைகளில் பளபளக்கும் உலோகமும் இந்த மறைப்பு வேலையில் கூட்டுதான். அது ஜெர்மன் சில்வர். கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டாக வந்து நமக்கு நன்றாகப் பழக்கமான பெயர். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை. வெள்ளி குன்றிமணி எடைகூடக் கிடையாது. ஜெர்மன்காரர்கள் அதைப் 'புது வெள்ளி' என்கிறார்கள். அதாவது வெள்ளி இன்னும் வரவில்லை என்று பொருள். ஆனால் கத்திக்காரருக்கு அதில் ஒரு லாபம் உண்டு: ஆணியையும் அதே உலோகத்தில் போட்டு, தலையைத் தட்டிப் பரப்பித் தேய்த்துவிட்டால் ஆணி இருந்த இடம் கண்ணுக்கே தெரியாது. மான்கொம்புப் பிடியின் கதையோ நம் காட்டிலேயே தொடங்குகிறது. சோலிங்கனும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் நெடுங்காலம் விரும்பி வாங்கியது இந்தியக் கடமான் உதிர்க்கும் கொம்பைத்தான். உள்ளே பஞ்சுபோன்ற பகுதி குறைவு, சுற்றிலும் கெட்டி. 1990களின் பிற்பகுதியில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. கடமானுக்கு நல்ல காலம். பழைய கத்தி சேர்ப்பவர்கள் மட்டும் இன்னும் துக்கம் காக்கிறார்கள்.

"யோக்கியன் ஊர்போலப் பேசுகிறீரே, பூர்வீகம் தெரியுமா?" என்று வரலாறு படித்தவர்கள் மடக்கலாம். தெரியும். 1876இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போன ஜெர்மன் பொறியியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் ரூலோ, நம் நாட்டுச் சரக்கு மலிவு, கூடவே மட்டம் என்று ஊருக்கே எழுதி மானத்தை வாங்கினார். ஷெஃபீல்டு கத்திக்காரர்களின் புகார் இன்னும் காரமானது: சோலிங்கனிலிருந்து வரும் கத்திகளில் எங்கள் ஊர் முத்திரை இருக்கிறது! அந்தக் கூச்சலின் விளைவுகளில் ஒன்றுதான் 1887இல் பிரிட்டன் போட்ட வணிகக் குறிச் சட்டம். அந்தச் சட்டத்தால் வந்த 'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரை பெருமைக்காகப் பிறந்ததல்ல. வாங்குகிறவரே ஜாக்கிரதை என்று நெற்றியில் குத்திய பச்சை. சில பத்து ஆண்டுகளில் அதுவே விலையை ஏற்றும் சொல்லாகிவிட்டது. 1938இல் சோலிங்கன் தன் பெயரையே சட்டம் போட்டுப் பூட்டிக்கொண்டது. 1994இன் விதிப்படி, முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் 'சோலிங்கன்' என்று பொறிக்கலாம். இதைப் பாசாங்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூட்டின் அருமை சுவரேறிக் குதித்தவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒரு பெயரைத் திருடினால் எவ்வளவு கிடைக்கும் என்று அனுபவத்தில் கண்ட ஊர், தன் பெயரைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குமா?

அடுத்து சுவிட்சர்லாந்துக் கட்சி வரும். சிவப்புப் பிடி, கத்தரிக்கோல், திருகாணி முடுக்கி, புட்டி திறப்பான், பல்குத்தி என ஒரு கைப்பிடிக்குள் ஒரு மளிகைக் கடையே இருக்கும்போது ஒற்றை அலகு ஜெர்மன் கத்தி எதற்கு என்பார்கள். முதலில் ஒரு குடும்ப ரகசியம்: சுவிஸ் ராணுவத்தின் முதல் சிப்பாய்க் கத்திகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்படவில்லை. அவ்வளவு பெரிய எண்ணிக்கையைச் செய்து தரும் வசதி அங்கே யாருக்கும் இல்லாததால், 1891இல் வந்து சேர்ந்த அந்தச் சரக்கைச் சோலிங்கனின் வெஸ்டர் நிறுவனம் செய்தது. கார்ல் எல்சனர் என்ற சுவிஸ்காரர் ரோஷப்பட்டு வேலையைத் தாய்நாட்டுக்கு இழுத்துவந்தார். ஏறக்குறைய ஓட்டாண்டியாகும் நிலைக்குப் போனார். 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவுசெய்த பிறகுதான் நிமிர்ந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பல கருவிகள் கொண்ட கத்தி திறந்த நிலையை மனத்தில் வைத்துச் செய்த பொருள். என்னவெல்லாம் வெளியே வரும் என்பதே அதன் பேச்சு. பல்குத்தியைத் தேடி இரண்டு அலகையும் ஒரு ரம்பத்தையும் வெளியே இழுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

துரு பற்றிய புகார் நியாயமானது. பழைய முறைக் கத்திகளில் இன்றும் சி75 போன்ற கரி எஃகு புழங்குகிறது; நூற்றுக்கு முக்கால் பங்கு கரி சேர்ந்தது, குரோமியம் என்ற காவலன் இல்லாதது. ஓர் ஆப்பிளை வெட்டினால் சாம்பல் நீலமாகக் கறுக்கும். ஈரத்தோடு மடக்கிவைத்தால் மறுநாள் செம்புள்ளி. எவர்சில்வரில் செய்தால் என்ன என்றால், தாராளமாகச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் இரும்பு அரிவாள்மனையைக் கழுவித் துடைத்து ஓரமாகச் சாய்த்துவைத்த வீடுகளுக்கு இது பெரிய தண்டனையாகத் தெரியாது. துடைத்துவிட்டு மூடு என்கிறது கத்தி, அவ்வளவுதான். மெதுவாகத் திறக்கிறது என்ற புகாருக்கு ஜெர்மன் நாடாளுமன்றமே பதில் சொல்லிவிட்டது. 2008 முதல், ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமில்லாமல் பொது இடத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. ஓரக் குழியில் நகம் கொடுத்து இரு கையாலும் திறக்கும் பழைய கத்தி அந்த விதியில் சிக்கவில்லை. இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும்: 2024 ஆகஸ்டில், சோலிங்கனின் 650ஆம் ஆண்டு விழாவிலேயே ஒருவன் கத்தியால் தாக்கி மூன்று பேரைக் கொன்றான். அதன் பிறகு திருவிழாக்கள் போன்ற கூட்டங்களுக்குக் கத்தி கொண்டுபோவதையே சட்டம் தடுத்தது. மடக்குக் கத்திப் பிரியர்கள் அதைக் குறை சொன்னால் நான் அவர்கள் பக்கம் இல்லை. ஆப்பிளை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் எடுத்துப் போகலாம்.

கைவினை என்று உருகுகிறவர்களைக் கிண்டல் செய்பவர்களிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வுப்பர் கரையில் இன்றும் நிற்கும் பழைய சாணைக் குடில்கள் படத்தில் கவிதையாகத் தெரியும். உள்ளே மணற்கல் தூளைச் சுவாசித்தவர்கள் நுரையீரல் கெட்டு இளவயதில் செத்தார்கள். அந்தக் கைவேலை போனதற்கு அழ வேண்டியதில்லை. அலகை இயந்திரம் வெட்டட்டும், இயந்திரமே தீட்டட்டும். வில்லும் முண்டும் சேரும் இடத்தில் மட்டும் சோலிங்கனின் சிறு பட்டறைகளில் இன்னும் ஓர் ஆள் அரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஆடம்பரக் கத்திக்கு மட்டும்தான் இந்தக் கவனிப்பு என்றும் சொல்ல முடியாது. மெர்காட்டர் என்று ஒன்று இருக்கிறது: தகட்டை மடித்துச் செய்த பிடி, கறுப்புச் சாயம், பக்கத்தில் பாயும் பூனை. கொம்பும் இல்லை, புது வெள்ளியும் இல்லை; ஏழைவீட்டுக் கத்தி. அதுவும் மூடினால் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளும் அளவுக்கு ஒல்லி.

ஆகவே, கத்தி வாங்கப் போகிறவர் கடைக்காரர் கூர் பார்க்க நீட்டும் காகிதத்தை வாங்கி மரியாதையாக ஓரம் வைத்துவிடலாம். மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அலகு இரு தகடுகளுக்கும் நட்டநடுவில் கிடக்கிறதா, நுனி பதுங்கியிருக்கிறதா, முதுகில் ஓட்டிய விரல் எங்காவது தடுக்குகிறதா என்று பார்க்கட்டும். பிறகு திறந்து மூடி, 'டக்' சத்தம் ஒரே சொல்லாக வருகிறதா, இழுத்து இழுத்து வருகிறதா என்று கேட்கட்டும். அதற்கு முதலில் திறக்க வேண்டுமே. முந்தின நாள் நகம் வெட்டியிருந்தால் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.