புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு

புத்தகத்தை வைத்துக்கொண்டு சமையல் நடத்துகிறவர் பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்தவரை அடுப்பங்கரைக்கு வந்ததே குடித்த காபி டம்ளரை வைக்கத்தான். அதுவும் பாதி நாள் ஹால் ஜன்னலிலேயே காய்ந்துகிடக்கும். இப்போது ஞாயிறு தவறாமல் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளுக்குப் போகிறார். வனஸ்பதியோடும் கஸ்டர்டு பவுடரோடும் குக்கரோடும் அந்தக் காலக் கம்பெனிகள் சும்மா கொடுத்த சமையல் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார். நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

சமைக்கத் தெரிய வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி. ஆகவே அவர் படிப்பார். நறுக்குவதும் கிளறுவதும் நாம். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல் வரி வரியாக வாசிப்பார். 'எட்டு அவுன்ஸ் மைதா' என்று வந்தால் செல்போனில் கணக்குப் போட்டு 226.8 கிராம் என்பார். இதற்கென்றே வாங்கிய தராசு 227 காட்டினால் ஒரு சிட்டிகை எடுக்கச் சொல்வார். எடுத்தால் 226. மறுபடி போடச் சொல்வார்.

தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னும் மோசம். பலம் 35 கிராம், அது பரவாயில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி, அதுவும் சரி. எந்த ஊர்ப் படி? பட்டணம் படியா, சின்னப் படியா? கும்பகோணத்து அத்தைக்கு போன் போகும். அத்தை முதலில் தன் முழங்கால் வலியைச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குள் வெங்காயம் கருகிவிடும்.

"அடுப்பைக் குறைச்சிருக்கலாமே?"

"புத்தகத்துல சொல்லாததைச் செய்யக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

'எட்டுப் பேருக்கு' என்று போட்டிருந்தால், வீட்டில் இரண்டே பேர் என்றாலும் எட்டுப் பேருக்குத்தான். பாதியாகக் குறைத்தால் ருசி மாறிவிடுமாம். மாடி வீட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருப்பதில்லை.

கம்பெனி எதற்குப் புத்தகம் போடுகிறது? டப்பா சீக்கிரம் காலியாக வேண்டும். 1937-ல் டால்டா வந்தபோது, நெய்யைத் தவிர வேறெதையும் மதிக்காத வீடுகளுக்குள் அது நுழைய வேண்டியிருந்தது. அதனால் சமையலும் சொல்லிக் கொடுத்தார்கள். கன்டென்ஸ்டு மில்க் புத்தகத்தைப் பிரியுங்கள். எந்த இனிப்பானாலும் முழு டப்பாதான் கேட்கும். இதை எடுத்துச் சொன்னால், "கம்பெனிக்காரன் சும்மாவா போட்டிருப்பான்?" என்பார். சும்மா போடவில்லை என்றுதானே நானும் சொல்கிறேன்!

துரதிர்ஷ்டவசமாக ஒருமுறை புத்தகம் ஜெயித்துவிட்டது. ஜெல்லிக்கு டின் அன்னாசி என்று போட்டிருந்தது. வீட்டில் நல்ல பழம் மணத்துக்கொண்டிருக்க, டின்னுக்கு எங்கே அலைவது? பழத்தையே நறுக்கிப் போட்டாயிற்று. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தும் ஜெல்லி உறையவில்லை. பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலின் என்ற நொதி ஜெலட்டினைச் சிதைத்துவிடும். டின்னில் அடைக்கும்போது படும் சூட்டில் அந்த நொதி செத்துவிடும். விஷயம் இவ்வளவுதான். அதை அவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. அடுத்த முறை டின் அன்னாசியோடு, சிவப்பு ஜெல்லி அச்சிலிருந்து உடையாமல் தட்டில் இறங்கி ஆடியபோது கைதட்டினார். அறுபத்தைந்து வயதில் அப்படிக் கைதட்ட எல்லாருக்கும் வராது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கஸ்டர்டு கிண்டும் நாளில் ஆல்ஃபிரட் பேர்டு கதை நிச்சயம் உண்டு. மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக 1837-ல் பர்மிங்காமில் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடர் கண்டுபிடித்த மனிதர். கிண்டுகிற கை வலிக்கும்போது கேட்பதற்கு ஏற்ற கதை.

பேர்டு பாத்திரம் தேய்த்தாரா, தெரியாது. இவர் தேய்ப்பதில்லை. அச்சு, வடிகட்டி, இரண்டு வாணலி, அடிப்பிடித்த பால் குண்டான், மாவு அப்பிய தராசு எல்லாம் அப்படியே கிடக்க, சாப்பிட்ட கையோடு அடுத்த வாரத்துக்குப் பக்கம் மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். 'பிறகு பாத்திரங்களைக் கழுவவும்' என்று ஒரு வரி போட்டிருந்தால் இவர் கண்டிப்பாகச் செய்திருப்பார். எந்தக் கம்பெனிக்கும் அது தோன்றவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் இந்த மாதிரிப் புத்தகம் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அது திருவல்லிக்கேணிக்குத்தான் வந்து சேரும்.