ராட்சசன் ஏன் எப்போதும் லேட்டாக வருகிறார்?

1922 ஜூன் 2. நியூயார்க்கில் மெக்கால்பின் ஹோட்டல். அமெரிக்க மந்திரவாதிகள் சங்கத்தின் வருடாந்தர விருந்து. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பொய்யை நிஜம் போலக் காட்டிப் பிழைப்பவர்கள். சங்கத் தலைவர் ஹௌடினி. சிறப்பு விருந்தாளி ஆர்தர் கானன் டாயில். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்துவிட்டு, சொந்த வாழ்க்கையில் ஆவிகளையும் தோட்டத்துத் தேவதைகளையும் துளிகூடத் துப்பறியாமல் நம்பிய மனிதர்.

அவர் ஒரு பிலிம் சுருளை ஓட்டச் சொன்னார். திரையில் டைனோசர்கள் மேய்ந்தன, ஒன்றையொன்று கடித்துக் குதறின. எங்கே எடுத்தது, எப்படி எடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது என்பது டாயில் போட்ட நிபந்தனை. ஊரை ஏமாற்றுகிறவர்கள் அன்றைக்கு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸே இதை நம்புவதா வேண்டாமா என்று தடுமாறிச் செய்தி போட்டது. அதற்கப்புறம்தான் டாயில் ஹௌடினிக்குக் கடிதம் எழுதிக் குட்டை உடைத்தார். அத்தனையும் அவருடைய 'தி லாஸ்ட் வேர்ல்ட்' நாவலைப் படமாக்குவதற்காகச் செய்த பொம்மைகள். ஆட்டிவைத்தவர் வில்லிஸ் ஓ'பிரையன்.

பொம்மை பாதி செய்த வேலையை டாயிலின் மௌனம் செய்து முடித்தது. ராட்சசப் படத் தொழிலின் மூலதனமே அதுதான். சுத்தமான கடன் வியாபாரம். 'வரப்போகிறது, வரப்போகிறது' என்று சொல்லிச் சொல்லியே இயக்குநர் நம்மிடம் பயத்தைக் கடனாக வாங்குகிறார். ராட்சசன் முகத்தைக் காட்டும் நாளில் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். சிலர் தந்தார்கள். சிலர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள்.

இந்த வியாபாரத்தில் முதல் பெரும்புள்ளி மெரியன் கூப்பர். 1933-இல் எர்னஸ்ட் ஷோட்சாக்கைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு 'கிங் காங்' எடுத்தார். நாயகி ஃபே ரேயிடம், ஹாலிவுட்டிலேயே உயரமான கதாநாயகன் உனக்கு ஜோடி என்று ஆசை காட்டினாராம். அந்த அம்மாள் கிளார்க் கேபிளை நினைத்துப் பூரித்துப்போனார். வந்து சேர்ந்தது முயல் தோல் போர்த்திய ஒன்றரை அடி பொம்மை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய ஒரே படக் கம்பெனி அதுதான்.

நூறு நிமிஷப் படத்தில் காங் அவர்கள் தரிசனம் தர முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை கூப்பர் சும்மா இருக்கவில்லை. கப்பல் தளத்தில், கதைக்குள் வரும் இயக்குநர் நாயகியை நிற்க வைத்து ஒத்திகை பார்க்கிறார். மேலே பார், இன்னும் மேலே, இப்போது கத்து! எதிரே வெறும் காற்று. ஆனால் அவள் அண்ணாந்த கழுத்தை வைத்தே வரப்போகிறவரின் உயரத்தை நாம் அளந்துவிடுகிறோம். பிறகு மூடுபனி. மூடுபனிக்குள் முரசொலி. அதற்கப்புறம் தீவை மறித்து ஒரு மாபெரும் மதில். அந்த மதிலும் செசில் பி. டிமில்லின் 'கிங் ஆஃப் கிங்ஸ்' படத்துக்காகப் போட்ட பழைய செட், செலவு மிச்சம். குரங்கு உள்ளே வரக் கூடாது என்று மதில் எழுப்பியவர்கள், குரங்கு தாராளமாக நுழையும் அளவுக்குக் கதவு வைத்தது ஏன் என்று கேட்கக் கூடாது. டாயில் போட்ட நிபந்தனை இங்கேயும் செல்லும்.

கடைசியில் மரங்கள் முறிகின்றன, காங் வருகிறார். சிங்கம், புலி இவற்றின் உறுமலை ஒலிக் கலைஞர் மர்ரே ஸ்பிவாக் மெதுவாக்கித் தலைகீழாக ஓட்டிச் செய்த குரல். ஒவ்வொரு பிரேமுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்தியதில் விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்தது. பார்த்தவர்களோ கோபத்தில் ரோமம் சிலிர்க்கிறது, என்ன நுணுக்கம் என்று மெச்சிக்கொண்டார்கள். அந்த ஜனவரியில்தான் படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. கம்பெனியின் நிர்வாகம் கோர்ட் கைக்குப் போயிருந்தது. கம்பெனி கடனில் இருந்தாலும் காங் தன் கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சி வரைக்கும் ஏறியல்லவா கணக்குத் தீர்த்தார்!

அடுத்த பெரும்புள்ளி ஜப்பானில். 1954-இல் டோஹோ கம்பெனியின் தயாரிப்பாளர் தோமோயுகி தனாகா, இந்தோனேசியாவோடு கூட்டுச் சேர்ந்து எடுக்க இருந்த படம் கவிழ்ந்துபோன துக்கத்தில் விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே கடல். அதற்குள் ஏதாவது இருந்தால்? கிணறு வெட்டப் போனவருக்கு இப்படித்தான் பூதம் கிளம்பியது.

ஆனால் இந்தப் பூதத்துக்கு முன்பே அட்வான்ஸ் வந்து சேர்ந்திருந்தது. அந்த வருஷம் மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் பொழிந்தது. படகில் 23 பேர். செப்டம்பரில் அதன் ரேடியோ ஆபரேட்டர் இறந்தார். நவம்பர் 3-ஆம் தேதி 'காட்ஸில்லா' வெளியானபோது, கடலில் ஒரு வெளிச்சம், ஒரு படகு, அப்புறம் ஒன்றுமில்லை என்று படம் தொடங்கினால் அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. இயக்குநர் இஷிரோ ஹோண்டா பயத்தைக் கடன் வாங்கவே இல்லை. அது மக்களிடம் ஏற்கெனவே இருந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இங்கே டைட்டிலிலேயே காலடி ஓசை வந்துவிடுகிறது, கூடவே அந்தக் கர்ஜனை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, தோல் கையுறையில் பிசின் தடவி, டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்தியில் இழுத்து எடுத்த சத்தம். இத்தனைக்கும் பிறகு குன்றுக்கு அப்பாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் அதே உரிமையோடு. காங் மாதிரி பொம்மையை அசைத்து எடுக்கத்தான் தந்திரக் காட்சி இயக்குநர் எய்ஜி சுபுராயாவுக்கு ஆசை. அப்படி எடுத்தால் 7 வருஷம் ஆகும் என்று கணக்கு வந்ததால், ஏறக்குறைய 100 கிலோ ரப்பர் உடுப்புக்குள் ஹருவோ நகாஜிமா என்ற மனிதரை இறக்கினார்கள். மிருகக்காட்சி சாலையில் மிருகங்கள் நடப்பதைப் பார்த்துப் பயின்றவர் அவர். உடுப்புக்குள் வெந்து வேர்த்து அவர் நடந்த நடையில், டோக்கியோ எரிந்தது.

இனி மஞ்சள் கடுதாசி. 1957-இல் வந்த 'தி ஜயன்ட் க்ளா' என்ற படத்தை இலக்கணமாகவே பாடம் நடத்தலாம், முதல் பாதியை மட்டும். வானத்தில் மங்கலாக ஏதோ கடந்து போகிறது. ராடாரில் ஒன்றுமே விழவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் போர்க்கப்பல் அளவு, போர்க்கப்பல் அளவு என்று ஜபம் செய்கிறார்கள். நாயகன் ஜெஃப் மாரோ உயிரைக் கொடுத்து நடித்தார். பாவம், எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று அவருக்கே யாரும் காட்டவில்லை. தன் ஊர்த் தியேட்டரில்தான் முதன்முதலாகப் பார்த்தார். உருட்டை விழி, ஒட்டடைக் கழுத்து, உச்சந்தலையில் ஒரு குடுமி. மலிவில் செய்து வாங்கிய ஒரு பறவைப் பொம்மை. தியேட்டரே சிரிப்பில் குலுங்க, யாராவது அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் மாரோ நழுவி வீடு போய்ச் சேர்ந்தார். வாங்கிய கடனில் அந்தப் பொம்மை கால் பங்குகூடத் தேறவில்லை.

ஸ்பீல்பெர்க் இந்த ஆபத்திலிருந்து தப்பியதற்குக் காரணம் மேதைமை என்று சொல்வார்கள். உப்புத் தண்ணீர் என்று நான் சொல்வேன். 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறாவுக்குத் தன் வக்கீலின் பெயரையே வைத்தார்: புரூஸ். வக்கீல் பெயர் வைத்ததாலோ என்னவோ, கூப்பிட்ட நேரத்துக்கு அது வரவே இல்லை. நல்ல தண்ணீரில் சோதித்துவிட்டுக் கடலில் இறக்கினார்கள். உப்பு உள்ளே புகுந்து இயந்திரத்தைத் தின்றது, சுறா முழுகியது. 55 நாள் படப்பிடிப்பு 159 நாள் ஆனது. வேறு வழியில்லாமல் சுறாவுக்குப் பதிலாக மஞ்சள் பீப்பாயை மிதக்கவிட்டார்கள். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களை வாசித்துக் காட்டியபோது ஸ்பீல்பெர்க் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அந்த இரண்டு சுரம்தான் சுறாவின் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. சுறா முழு முகம் காட்ட ஏறக்குறைய 80 நிமிஷம். 1975 கோடையில் படம் பார்த்த ஜனங்கள் கடலில் கால் வைக்கவே யோசித்தார்கள்.

பழகிய கை சும்மா இருக்குமா? 1993-இல் 'ஜுராசிக் பார்க்' எடுத்தபோது எல்லாவற்றையும் காட்டும் வசதி அவரிடம் இருந்தது. ஆனாலும் டி-ரெக்ஸ் வருவதற்கு முன் அவர் காட்டியது ஒரு டம்ளர் தண்ணீரை. அதில் வட்ட வட்டமாக அலை. காரின் டாஷ்போர்டுக்கு அடியில் கிடார் தந்தி கட்டிச் சுண்டிய வேலை அது. 127 நிமிஷப் படத்தில் டைனோசர்கள் இருப்பது ஏறக்குறைய 15 நிமிஷம். மீதி நேரமெல்லாம் மனிதர்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார்கள். நாமும்தான்.

இப்படி ஒளித்து வைப்பதே வேதம் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, தென் கொரியாவின் போங் ஜூன்-ஹோ 2006-இல் 'தி ஹோஸ்ட்' எடுத்தார். படம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள், பட்டப்பகலில், ஹான் ஆற்றங்கரையில் மிருகம் ஓடி வருகிறது. ஓடும்போது வழுக்கி வேறு விழுகிறது. கடனே வேண்டாம் என்று ரொக்கமாக எண்ணி வைத்துவிட்டார் மனிதர். பிறகு அந்த மிருகம் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதற்கப்புறம் நாம் பயப்படுவது மிருகத்தின் முகத்துக்காக அல்ல, அந்தப் பெண்ணுக்காக. மாறாக 2014-இல் வந்த ஹாலிவுட் 'காட்ஸில்லா' ஒரு மணி நேரம் காக்க வைத்து, ஐயா வந்து கர்ஜித்த கணத்தில் காட்சியை வெட்டி, டிவியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. வட்டி கேட்டு வந்தவனிடம் 'நாளை வா' என்கிற ஜாதி.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ராட்சசன் லேட்டாக வருவதால் யாருக்கும் பயம் வருவதில்லை. வருவதற்குள் நாம் யாருக்காகவாவது கவலைப்படத் தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை தியேட்டரில் பூதம் வர ஒரு மணி நேரமானால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து நிற்கும் நடிகரின் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தை நம்ப முடியவில்லை என்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள். வரப்போவது எப்படியும் குடுமி வைத்த பறவைதான்.