விலைவாசியோடு குடும்பம் நடத்துவது எப்படி?

இந்தக் கையேடு ராமநாதபுரம் மாவட்டத்து அபிராமத்துக்காரர்களுக்காக எழுதப்பட்டது. கமுதி, பார்த்திபனூர், முதுகுளத்தூர் ஆட்களும் எடுத்துப் படிக்கலாம். கட்டணம் கிடையாது. ரேஷன் அரிசியை விட்டால் இன்றைக்குச் சும்மா கிடைப்பது அறிவுரை ஒன்றுதான்.

முதலில் பதற்றத்தைக் குறையுங்கள். அதற்கு நல்ல மருந்து, அரசாங்கம் மாதாமாதம் வெளியிடும் பணவீக்கக் கணக்கு. 2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம்; உணவுப் பொருளை மட்டும் எடுத்தால் 11.51. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓட, தமிழக அரசே கிலோ 60 ரூபாய்க்கு ரேஷன் கடையில் வைத்து விற்ற மாதம் அது. 2025 அக்டோபரில் அதே பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போங்கள். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படிப்பார். "சந்தோசம்ணே. போன மாசப் பாக்கி ஒண்ணு நிக்குது, அதையும் சேத்துப் பாத்துருவோமா?" என்பார். அவரைக் கோபிக்கக் கூடாது. ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அந்த எண் சொல்கிறது. ஏறியது இறங்கிவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பணவீக்கம் குறைந்ததென்று விலைப்பலகையை அழித்து எழுதிய டீக்கடை ஒன்றை யாராவது பார்த்திருந்தால் எனக்குக் காட்டவும்.

அடுத்து, நிறங்களைப் படிக்கப் பழகுங்கள். பாலில் வெள்ளைக்கு இப்போது மதிப்பில்லை. பாக்கெட்டின் நிறம்தான் பேசும். 2022 நவம்பர் 5-ஆம் தேதி ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60-க்குப் போனது. அதே நாளில் பால் ஊற்றுகிறவருக்குக் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூடியது: பசும்பால் 32-லிருந்து 35, எருமைப்பால் 41-லிருந்து 44. நீலத்தையும் பச்சையையும் தொடவில்லை. மாத அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஆரஞ்சும் பழைய அட்டை விலையான 46 ரூபாய்க்கே கிடைக்கும் என்றார்கள். ஆகவே முதல் சிக்கன யோசனை இது: அட்டை முறை வேரூன்றியிருக்கிற சென்னைக்குக் குடும்பத்தோடு குடிபோய்விடுங்கள். லிட்டருக்கு 14 ரூபாய் மிச்சம். வீட்டு வாடகையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் கணக்கு குழம்பும்.

குடிபோக முடியாதவர்கள் ஆவினிடமே இன்னொரு பாடம் கற்கலாம். 2023 நவம்பரில் பச்சையை ஓரங்கட்டிவிட்டு ஊதா நிறப் பாக்கெட்டை முன்னே நிறுத்தினார்கள். பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், ஊதாவில் 3.5. விலை இரண்டுக்கும் லிட்டர் 44. உடம்புக்கு நல்லது, வைட்டமின் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். இருக்கட்டும். விலையைத் தொடாமல் பொருளைத் தொடுகிற வித்தையை இதைவிடப் பக்குவமாக யாரும் சொல்லித்தர முடியாது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். ஐந்து ரூபாய் ஐந்து ரூபாயாகவே இருக்கிறது, உள்ளே பிஸ்கட்தான் வருடத்துக்கு வருடம் மெலிகிறது.

அளவு கூடிய அதிசயம் ஒன்றும் நடந்தது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். சில நாளிலேயே 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. அந்த ஒரு கிலோவுக்கு வரியில்லை என்பதல்ல விசேஷம்; அந்த ஒரு கிலோ இருப்பதால் மற்ற 25 கிலோவுக்கும் வரியில்லை. வசதி உள்ளவர் 26 கிலோ சிப்பமாக வாங்கி வரியைத் தப்பினார். அன்றாடக் கூலி வாங்கி ஐந்து கிலோ பையாக எடுப்பவர் வரியைக் கட்டினார். ஆகவே, ஏழையாக இருப்பதைத் தவிர்க்கவும். அது செலவு பிடிக்கிற காரியம்.

இப்போது விலையைத் தொடாமல் பொருளைத் தொடுகிற அந்த வித்தையை வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். அரை லிட்டர்ப் பாக்கெட் ஒன்று, வீட்டில் ஆறு பேர். பாக்கெட்டை மூலையில் கத்தரித்துப் பாலை ஊற்றியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, அதையும் சட்டியில் ஊற்ற வேண்டும். அலசிய தண்ணீர் வெள்ளையாக வருகிற வரை அது பால்தான். தூளைக் கூட்டினால் நிறம் வரும், இஞ்சியைத் தட்டிப் போட்டால் பால் குறைவு நாக்குக்குத் தெரியாது. முதல் டம்ளர் வேலைக்குப் போகிறவருக்கு, அடுத்தது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, அதற்கடுத்தது வயதானவருக்கு. அடுப்படியில் நிற்கிறவர் முறை வரும்போது சட்டியில் ஆடை ஒட்டிக்கொண்டிருக்கும். "எனக்குப் பால் ஒத்துக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் வரக்காப்பி போட்டுக்கொள்வார். 2022 வரைக்கும் அவருக்கு ஒத்துக்கொண்ட பால்தான் அது. சர்க்கரையும் மிச்சமாகட்டும் என்று கருப்பட்டிக்கு மாறிவிடாதீர்கள். சாயல்குடி பக்கத்திலேயே காய்ச்சுகிறார்கள், நம் மாவட்டச் சரக்கு என்பதெல்லாம் சரி. ஆனால் கருப்பட்டி இப்போது சர்க்கரையை விடப் பல மடங்கு விலை. ஏழை வீட்டுக் காப்பியாக இருந்தது பணக்காரர் வீட்டு ஆரோக்கியமாகிவிட்டது.

மிளகாயில் நமக்குக் கவலையே இருக்கக் கூடாது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் கரிசலில் விளைந்து, களத்தில் சிவக்கக் காய்ந்து, சாக்கில் ஏறிப் போகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அறுப்பு நேரத்தில் விற்காமல் வீட்டில் வைத்திருந்து, விலை ஏறும்போது விற்க வேண்டும். உரக்கடைப் பாக்கி, நகைக்கடன் வட்டி, பள்ளிக்கூடப் பீஸ் மூன்றையும் அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள். அவை மறுத்தால், எல்லாரையும் போல வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு, மழைக்காலத்தில் அதே மிளகாயை நூறு கிராம் தூள் பாக்கெட்டாகக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பேப்பரில் வரும். அதைப் படிப்பதற்குக் காசில்லை.

பருப்புக்கும் எண்ணெய்க்கும் ரேஷன் கடையே கதி. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. வெளிக்கடையில் பருப்பு 150-ஐத் தாண்டியபோதும் ரசத்தில் பருப்பு மிதந்த வீடுகள் இந்த ஒரு கிலோவால்தான் சமாளித்தன. ஒரு நிபந்தனை: சரக்கு வந்திருக்க வேண்டும். 2024 மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் வாங்க முடியாதவர்கள் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே சொன்னது. ஆகவே மே மாதம் பசித்தால் ஜூனில் சாப்பிடும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

ரமலான் வந்துவிட்டால் ஒரு மாதம் மாலைச் செலவு பாதி. அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு பள்ளிவாசல் பக்கம் போனால் நோன்புக் கஞ்சி கிடைக்கும். நோன்பு வைக்காதவர், வேறு சாமி கும்பிடுகிறவர் என்றெல்லாம் வாளியைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. பச்சரிசி அரசு கொடுக்கிறது. தேங்காயும் கறியும் ஊர்க்காரர்கள் பொறுப்பு. மற்ற பதினோரு மாதத்துக்கு இந்தக் கையேட்டில் யோசனை எதுவுமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஆறாதவர்கள் தனுஷ்கோடி வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். அக்கரை இலங்கையில் 2022 மார்ச்சில் 400 கிராம் பால் மா பாக்கெட் அந்த நாட்டுப் பணத்தில் 790 ரூபாய்க்குப் போனது. ஒரு பால் தேநீர் நூறு ரூபாய். அந்த மாதம் 22-ஆம் தேதிதான் குழந்தைகளோடு 16 பேர் படகில் நம் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். சண்டை முடிந்து பதின்மூன்று வருடம் கழித்து, குண்டுக்குப் பயந்து அல்ல, கடை விலைக்குப் பயந்து. அந்தச் செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். தமிழக அரசு அனுப்ப முடிவெடுத்த உதவியில் 40,000 டன் அரிசியோடு 500 டன் பால் பவுடரும் இருந்தது. இந்தப் பத்தியில் அறிவுரை இல்லை.

கடைசியாக, பேரம். பாக்கெட் கட்டுப்படியாகாதவர்கள் வாசலுக்கு வருகிற பால்காரம்மாவிடம் திரும்பியிருப்பீர்கள். முன்பெல்லாம் அளந்து ஊற்றிய பிறகு, செம்பில் மேலுக்கு ஒரு சொட்டு கொசுறு விழும். இப்போது கொசுறு நின்றுவிட்டது, நுரையும் அளவுக்குள் வந்துவிட்டது.

"என்ன மதினி, இன்னைக்கு நுரை கூடுதலா இருக்கு?"

"பருத்திக்கொட்டை விக்கிற வெலைக்கு நுரையாவது வருதேன்னு இருக்கேன். வைக்கோலு வெளியூருலருந்து லாரியில வருது. கம்மாயில தண்ணி கெடந்தா நா ஏன் வாங்குறேன்?"

இந்த இடத்தில் அவரிடம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரத்தை ஆரம்பிப்பது நம் வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். தவிடும் பிண்ணாக்கும் நாம் வாங்குகிற அதே கடைத்தெருவில்தான் அவரும் வாங்குகிறார். ஆரஞ்சுக்கு 12 ரூபாய் ஏறிய நாளில் அவரைப் போன்றவர்களுக்கு ஏறியது 3 ரூபாய். அந்த இரண்டு ரூபாயை முதலில் எம்.ஆர்.பி. அடித்த பாக்கெட்டிடம் கேட்டுப் பாருங்கள். அது குறைத்துக்கொண்டால், மதினியிடம் நானே வந்து பேசுகிறேன்.